மாடு தின்றது கறியில் தெரியுமா? ஒரு தீவனக் கடைக்காரனின் பதில்

கேள்வி: "புல் மேய்ந்த மாட்டின் கறியில் சத்து அதிகம் என்கிறார்கள். வேலூர்ப் பக்கம் கிடைக்கும் பீஃப் அந்த வகையில் சேருமா? தீவனத்தைப் பொறுத்துக் கறியின் சத்து உண்மையிலேயே மாறுமா?"

குடியாத்தத்தில் எங்களுக்குத் தீவனக் கடை. நைனா காலத்திலிருந்தே தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை விற்றுத்தான் குடும்பம் ஓடுகிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் பீஃப் ஸ்டால் வைத்திருக்கிறார். என்னிடம் வாங்கிய தீனியைத் தின்ற மாடு சில சமயம் அவர் கடைக் கொக்கியில் தொங்கும். அதனால் இந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சொந்தக் கேள்வி மாதிரி.

போன வருஷம் பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி ஒருவர் பாயிடம் வந்து, "கிராஸ் ஃபெட் பீஃப் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "மாடு புல்லு தின்னாம பின்ன பிரியாணியா தின்னும்? தீனி சமாச்சாரம்னா அவரைக் கேளுப்பா" என்று என் கடைக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்ததையும், கால்நடை மருத்துவராக இருக்கும் என் மச்சானிடம் கேட்டுத் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீவனம் மாறினால் கறியில் மாறுவது பெரும்பாலும் கொழுப்புதான். கொழுப்பின் அளவு, அதன் வகை, அதில் கரைந்திருக்கும் வைட்டமின்கள், இவ்வளவே. புரதம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரும்பு, துத்தநாகம், பி12 ஆகியவையும் புல் தின்ற மாடு, சோளம் தின்ற மாடு என்று பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை. பி12 மாட்டுக்குத் தீனியிலிருந்து வருவதே இல்லை, வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன. அவற்றுக்குத் தேவை கொஞ்சம் கோபால்ட் தாது. தாது உப்புக் கலவை வாங்கச் சொல்லி நான் வாடிக்கையாளர்களை நச்சரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (வியாபாரமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.)

சரி, கொழுப்புக்கு வருவோம். பச்சைப் புல்லில் கொழுப்பு சொற்பம்தான், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. ஆனால் அந்தச் சொற்பத்தில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த (இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் கொழுப்பு) லினோலெனிக் அமிலம். மக்காச்சோளம் போன்ற தானியத்தில் இருப்பதோ முக்கியமாக ஒமேகா-6, சமையல் எண்ணெயிலேயே நமக்கு நிறையக் கிடைக்கும் வகை. ஆனால் மாடு தின்றது அப்படியே சதைக்குப் போய்ச் சேராது, நடுவில் அந்தப் பெரிய முதல் வயிறு இருக்கிறது. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அந்தத் தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள், வருகிற நல்ல கொழுப்பில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை உருமாற்றிக் கெட்டிக் கொழுப்பாக்கிவிடும். மாட்டுக் கொழுப்பு ஆறினதும் மெழுகு மாதிரி உறைவது இதனால்தான். இந்த வேலையிலிருந்து தப்பித்து வரும் மிச்சம்தான் கறியில் ஒமேகா-3 ஆகச் சேர்கிறது.

அந்த உருமாற்றத்தின் நடுவில் பாதி வேலை முடிந்த நிலையில் ஒரு பொருள் உண்டாகும். சி.எல்.ஏ. (கான்ஜுகேட்டட் லினோலெயிக் ஆசிட்) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், அதுவும் ஒரு வகைக் கொழுப்பு அமிலம்தான். அது கண்டுபிடிக்கப்பட்ட கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிசா என்பவர், சுட்ட மாட்டுக்கறியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று தேடினார். தேடிய இடத்தில் புற்றைத் தடுக்கும் குணமுள்ள ஒன்றும் சிக்கியது. 1987-இல் அது சி.எல்.ஏ. என்று அடையாளம் தெரிந்தது. அவர் பார்த்தது எலிகளில். அதே நன்மை மனிதருக்கும் அதே அளவில் உண்டு என்று யாரும் நிரூபித்துவிடவில்லை, அதனால் இதைப் பெரிதாக நம்பிக் கிலோ கணக்கில் வாங்க வேண்டாம். புல் மேய்ந்த மாட்டில் இது இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருக்கும். தானியம் அதிகம் தின்றால் வயிறு புளிக்கும், அந்தப் புளிப்பில் இதைச் செய்யும் பாக்டீரியா தாக்குப்பிடிக்காது.

கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாகத்தைச் சேர்ந்தவர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் உள்ள விகிதம் புல் மாட்டில் சராசரியாக ஒன்றரைக்கு ஒன்று, தானிய மாட்டில் ஏழரைக்கு ஒன்று. இணையத்தில் எல்லோரும் எடுத்துக் காட்டுவது இந்த மாதிரிக் கணக்கைத்தான். விகிதத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், அளவைப் பார்த்தால் அடங்கிவிடும். புல் மேய்ந்த மாட்டுக்கறியிலேயே நூறு கிராமுக்கு ஒமேகா-3 நூறு மில்லிகிராமைத் தொடுவது அபூர்வம். மத்தி, கவலை மாதிரி மலிவான மீனில் நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஒமேகா-3தான் வேண்டுமென்றால் மீன்காரம்மாவிடம் போவது புத்திசாலித்தனம்.

இப்போது நம்ம ஊர். இந்த ஒப்பீடெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கா போன்ற நாடுகளின் மாட்டை வைத்து எழுதியது. அமெரிக்காவில் கன்று புல்வெளியில் வளர்ந்து, கடைசி நாலைந்து மாதம் பட்டியில் அடைபட்டு மக்காச்சோளமும் பார்லியும் தின்று, ஒன்றரை இரண்டு வயதில் கறிக்குப் போகும். சதைக்குள்ளேயே கொழுப்பு நூல் நூலாக ஓட வேண்டும் என்பதற்காகத் தின்ன வைக்கிறார்கள். நம்ம பக்கம் கறிக்கென்று யார் மாடு வளர்க்கிறார்கள்? 1958-ஆம் வருஷத்துச் சட்டப்படி பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாடுதான் அறுப்புக்குப் போக முடியும். ஆகவே பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமை துண்டுக்கடியில் விரல் பிடித்துக் கறிக்கென்று விலை பேசப்படுவது பெரும்பாலும் ஏரோட்டி, வண்டியிழுத்து, ஓய்ந்துபோன எருதும், வயதான எருமையும். அதன் உடம்பில் கொழுப்பே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் எது எத்தனை பங்கு என்று பார்ப்பதால் எவ்வளவு லாபம் வரும் என்று நீங்களே யோசியுங்கள்.

அந்த மாடுகள் என்ன தின்றிருக்கும்? பெங்களூர்த் தம்பி நினைத்த பச்சைப் புல்வெளி வேலூரில் வருஷத்துக்கு மூன்று நாலு மாதம் இருந்தால் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஏரிக்கரையும் வரப்பும் பச்சை பிடிக்கும். தை தாண்டினால் காய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் ஆடே அலைந்துதான் வயிறு நிரப்ப வேண்டும், மாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிச்ச நாளெல்லாம் வைக்கோல்தான். கூடவே மல்லாட்டைக் (வேர்க்கடலை) கொடி, சோளத்தட்டு, கரும்பு வெட்டும்போது தோகை, வீட்டுக் கழுநீரில் கலக்கிய தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு. வசதியுள்ளவர்கள் போர்வெல் தண்ணீரில் கம்பு நேப்பியர் புல்லும் வேலியோரம் அகத்தியும் வைத்திருப்பார்கள், ஆனால் அது கறவை மாட்டுக்கு. கிழட்டு எருதுக்கு அகத்தி ஒடித்துப் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

வைக்கோலும் புல் இனம்தானே, அப்படியானால் நம்ம மாடெல்லாம் கிராஸ் ஃபெட் தானே என்று சிலர் வாதம் செய்கிறார்கள். பெயரளவில் சரி, சத்தளவில் சரியில்லை. புல் மாட்டுக்கறியின் பெருமை முழுக்கப் பச்சை இலையிலிருந்து வருவது. ஒமேகா-3, பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ மூன்றும் அந்தப் பச்சையோடு ஒட்டியவை. கதிர் முற்றி அறுத்து, அடித்து, வெயிலில் காய்ந்து போரில் ஏறிய வைக்கோலில் அவை பெயருக்குத்தான் இருக்கும். புரதமும் நூற்றுக்கு மூன்று நாலு பங்குதான். மாடு அதை வயிறு நிறையத் தின்னும், உடம்பு தேறாது. கடலைப் புண்ணாக்கில் புரதம் நாற்பதுக்கு மேல் இருக்கிறது, ஒட்டியிருக்கும் எண்ணெயில் ஒமேகா-3 மருந்துக்கும் இல்லை. தவிட்டு எண்ணெயும் பருத்திக்கொட்டை எண்ணெயும் ஒமேகா-6 பக்கம்தான் சாயும்.

எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. இளைத்த எருதைச் சந்தையில் மலிவாகப் பிடித்து, இரண்டு மூன்று மாதம் தேற்றி விற்பார்கள். அந்தக் காலத்தில் தவிடும் புண்ணாக்கும் கணக்கில்லாமல் போகும், என் கடைக்கு நல்ல வியாபாரம். ஒரு விதத்தில் இது நம்ம ஊர்ப் பட்டி வளர்ப்பு. மழைக்காலத்தில் மேய்ந்து சேர்த்த நல்ல கொழுப்பு கொஞ்சம் இருந்தாலும், இந்த இரண்டு மூன்று மாதத் தீனியில் புதிதாக ஏறும் கொழுப்புக்கு நடுவே அது காணாமல் போகும்.

கடையில் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்று அந்தத் தம்பி கேட்டார். மஞ்சள் கொழுப்பு என்றால் புல் மேய்ந்தது என்று எங்கேயோ படித்திருக்கிறார். பாதி உண்மை. புல்லில் இருக்கும் கரோட்டின்தான் பசு இனத்தின் கொழுப்பை மஞ்சளாக்குகிறது. ஆனால் ஜெர்சிக் கலப்பு என்றால் இயல்பிலேயே கொழுப்பு மஞ்சளாக இருக்கும். வயதானாலும் மஞ்சள் ஏறும். எருமையோ, எவ்வளவு பச்சை மேய்ந்தாலும் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், அதனால் அதன் கொழுப்பு வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும். பாய் கடையில் பாதி நாள் தொங்குவது எருமை. ஆக, நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நானும் முயன்று இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

கறியை விடத் தீனி நன்றாகத் தெரியும் இடம் ஈரல். வைட்டமின் ஏ சேருவது அங்கேதான். மழை முடிந்த சமயத்தில் பச்சை தின்ற மாட்டின் ஈரலில் அது ஏராளம், வைக்கோலிலேயே கோடை கழித்த மாட்டில் குறைவு. (கர்ப்பமாக இருப்பவர்கள் ஈரலை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது, வைட்டமின் ஏ மிகையானாலும் கெடுதல்.) கெட்டதும் அங்கேதான் சேரும். பாலாற்றோரம் தோல் கழிவுநீர் பாய்ந்த இடங்கள் நமக்குத் தெரியாததல்ல. காட்மியம் போன்ற உலோகங்கள் சதையை விட ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் தங்கும். எந்தப் பக்கத்து மாடு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் ஈரல் வாங்குவதில்லை.

புண்ணாக்கில் பூஞ்சை பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. காரணம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அப்படித்தான் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்தது. இது பாலில் இறங்கும். சதையில் தங்குவது குறைவு, ஈரலில் அதைவிடக் கூடுதல். ஒரு மழைக்காலத்தில் ஒரு மில்லிலிருந்து எனக்கு வந்த லோடில் பதினாலு மூட்டை உள்ளே பச்சை பூத்திருந்தது. "காயவைத்து விற்றுவிடு, மாட்டுக்குத்தானே" என்றார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வர ஆறு மாதம் ஆனது. காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், நஞ்சு போகாது.

சரி, கிழட்டு மாட்டுக்கறி மட்டமா என்றால், இரும்புக்கு அதுதான் நல்லது. வயது ஏற ஏறச் சதையில் சிவப்பு நிறமி கூடும், நிறமியில்தான் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் இரும்பு இருக்கிறது. பத்து வருஷம் ஏர் இழுத்த தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். வேகத்தான் நேரமாகும். குக்கரில் ஏழெட்டு விசில் விட்டுப் பொறுமையாக இருந்தால் அதுவும் அடங்கும்.

கடைசியாக, அந்தத் தம்பியிடம் சொன்ன கணக்கு. நம்ம ஊர்க் கொழுப்பில்லாத கறி நூறு கிராமில் ஒமேகா-6 கால் கிராமைத் தாண்டுவது அரிது. ஒரு டீஸ்பூன் சூரியகாந்தி எண்ணெயில் இரண்டரை கிராம் இருக்கிறது. பீஃப் வறுவலுக்கு நாம் ஊற்றுவது டீஸ்பூனா, குழிக்கரண்டியா? எண்ணெய் மிதக்கும் சட்டியில் போட்ட பிறகு மாடு புல் தின்றதா, புண்ணாக்கு தின்றதா, சுவரில் ஒட்டிய போஸ்டரைத் தின்றதா என்று எந்த ஆய்வுக்கூடத்துக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். கறியை அதன் தண்ணீரிலேயே வேகவைத்து, இறக்குமுன் ஒரு ஸ்பூன் மல்லாட்டை எண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும். அதிலும் ஒமேகா-6 உண்டு, ஆனால் சூரியகாந்தியில் பாதிதான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த தம்பி, பாய் கடையில் ஒரு கிலோ தொடைக்கறி வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்து மல்லாட்டை எண்ணெய் கேட்டார். "தம்பி, எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுறதுதான் நம்ம கடைக்கு வரும்" என்று சொல்லிச் செக்குக்கு வழி காட்டினேன்.