ஊமைப்படத்தில் வசனமே கிடையாதே, ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் பிரான்சஸ் மேரியன் அப்படி என்னதான் எழுதினார்?

எழுத்து என்றால் வசனம்தான் என்று பழகிய கண்ணுக்கு இப்படித்தான் தோன்றும். நீங்களும் ‘கதை, வசனம்’ என்ற டைட்டில் கார்டு பார்த்து வளர்ந்தவராக இருப்பீர்கள், தப்பில்லை. ஆனால் 1917-இல் நட்சத்திர நடிகை மேரி பிக்ஃபோர்டுக்குப் படம் எழுத மேரியனுக்குப் பேசிய சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலர். சும்மாவா கொடுப்பார்கள்?

எழுத்தாளர் ஸ்டுடியோவிடம் ஒப்படைத்தது ‘கன்டினியூட்டி’. ஷாட்டுக்கு ஷாட் எண், இடம், கேமரா தள்ளியா கிட்டத்திலா, நடிகர் செய்ய வேண்டியது, எழுத்து அட்டை (காட்சிக்கு நடுவே வசனமோ விளக்கமோ எழுதித் திரையில் காட்டுவது) எங்கே நுழைகிறது, அதில் என்ன வாசகம் எல்லாம் அதில் இருக்கும். இதை வைத்துத்தான் ஒரே செட்டில் வரும் 4, 19, 52-ஆம் ஷாட்களைச் சேர்த்து ஒரே நாளில் எடுப்பார்கள். தாளில் ஒரு வரி விட்டுப்போனால் தொப்பியோடு வாசலில் நுழைந்தவர் கூடத்தில் தொப்பியில்லாமல் நிற்பார்.

அளவும் முக்கியம். ஒரு ரீல் 1,000 அடி, அடிக்கு 16 பிரேம். அட்டைக்கும் இதே அடியில்தான் பங்கு. மெதுவாகப் படிப்பவரும் முடிக்கும்வரை அட்டை நிற்க வேண்டுமே! வளவளவென்று எழுதினால் நடிப்புக்கு இடம் போய்விடும்.

மேரியன் எழுதிய ‘ஸ்டெல்லா மாரிஸ்’ (1918) பாருங்கள். பணக்கார வீட்டு நோயாளிப் பெண், அனாதைப் பெண், இரண்டுமே பிக்ஃபோர்டுதான். இருவரும் ஒரே ஷாட்டில் வரவேண்டுமென்றால் லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை எடுக்க வேண்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டினால் உருவம் அறுந்துவிடும். ஆகவே அவர்களை எங்கே சந்திக்க வைப்பது, எங்கே தனித்தனி ஷாட்டில் சமாளிப்பது என்பதெல்லாம் எழுதும்போதே யோசிக்க வேண்டியவை.

பேசும் படம் வந்த பிறகும் மேரியனின் பலம் இந்தக் கட்டுமானம்தான். ‘தி பிக் ஹவுஸ்’ (1930) எழுதுவதற்காக சான் குவென்டின் சிறைக்கே போய்ப் பார்த்தார். வெளியீட்டுக்கு முன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டியபோது, தப்பி வந்த கைதி சிறைத்தோழனின் மனைவியைக் காதலிப்பதை அவர்கள் ஏற்கவில்லை. மனைவியைத் தங்கையாக்கினார்கள். அவள் வரும் காட்சிகளை மட்டும் மாற்ற, மற்றதெல்லாம் அசையாமல் நின்றது. அந்தப் படத்துக்கு ஓர் ஆஸ்கர், ‘தி சாம்ப்’ கதைக்கு இன்னொன்று.

“அதே காலத்தில் எழுதிய அனிதா லூஸ் எங்கே?” என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். கேட்டது மேரியனைப் பற்றி, அவ்வளவுதான். எனக்கு வயிற்றெரிச்சல் இன்னொரு பெண் எழுத்தாளர் ஜூன் மேத்திஸ் விஷயத்தில்தான். எரிக் வான் ஸ்ட்ரோஹைம் மிக நீளமாக எடுத்த ‘கிரீட்’ (1924) படத்தைக் குதறியவர் என்று இன்றும் அவர் தலையில் போடுகிறார்கள். ஸ்டுடியோவின் கதை இலாகாவுக்குத் தலைவி என்பதால் படத்தில் அவர் பெயர் ஏறியது. 10 ரீலாக வெட்டியதும் அட்டை எழுதியதும் பெரும்பாலும் ஜோசப் ஃபார்ன்ஹாமின் கைவேலை. அட்டை வாசகத்துக்கென்று ஆஸ்கர் ஒரே ஒருமுறைதான் கொடுத்தார்கள், 1929-இல். வாங்கியவர் அதே ஃபார்ன்ஹாம்.