தொழுநோய்: ஒழிந்த பிறகும் ஏன் தேடுகிறார்கள்?

கேள்வி: 2005-லேயே தொழுநோயை ஒழித்துவிட்டதாக அரசு சொன்னதே, இன்னும் ஏன் வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள்?

பதில்: அப்போது எட்டியது, சிகிச்சையில் இருப்போர் 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கைத்தான். அதில் ஒரு சூட்சுமம்: தேமல் அதிகமுள்ளவர்களுக்கான கூட்டு மருந்து (பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை) 24 மாதத்திலிருந்து 12 மாதமானதும், அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கும் காலமும் பாதியானது; அதனாலும் எண்ணிக்கை குறைந்தது. பரவல் அதே வேகத்தில் குறையவில்லை. தேடல் தளர்ந்த பிறகும் ஆண்டுக்கு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள். சிலர் விரல் மடங்கிய பிறகே வந்தார்கள். அதனால்தான் 2016-ல் வீடுதேடும் இயக்கம் தொடங்கியது.

வருபவரிடம் முதுகையும் காட்டுங்கள். அரிக்காத, வெளிறிய தேமலைப் பேனா முனையால் தொடுவார்கள். கண்ணை மூடியபடி அந்த இடத்தைச் சுட்ட முடியாவிட்டால் சந்தேகம்தான். ஐந்து தேமல்வரை பொதுவாக 6 மாதம், ஐந்துக்கு மேல் இருந்தால் 12 மாதம் மருந்து, இலவசம்.