கறுப்பு வால்நட் மரத்தின் கீழ் எதை நடலாம்?

அன்புள்ள ஐயா,

கனடாவில், ஒன்ராறியோவில் வசிக்கும் என் அக்காவின் பின்வளவில் பெரிய கறுப்பு வால்நட் மரம் ஒன்று நிற்கிறது. அதன் பக்கத்தில் வைத்த தக்காளியும் கத்தரியும் தண்ணீர் குறையாமல் ஊற்றியும் வாடிச் செத்துவிட்டன. இனி அங்கே பற்றைச்செடிகள் வைக்க விரும்புகிறார். எவற்றை நடலாம்? எங்கள் வளவுப் புளியமரத்தின் கீழும் ஒன்றும் உருப்படியாக வளர்வதில்லை; அதற்கும் இதுதான் காரணமா?

வாசகி, புதுக்குடியிருப்பு

அன்புள்ள தங்கைக்கு,

அக்காவின் பராமரிப்பில் குறையில்லை. கறுப்பு வால்நட்டின் வேர், இலை, காயின் பச்சைத் தோல் ஆகியவற்றிலிருந்து ஜூக்லோன் என்ற பொருள் மண்ணில் சேர்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை அதைத் தாங்குவதில்லை. மண் ஈரமாக இருக்கும்போதே செடி தொய்ந்து, தண்டை வெட்டினால் உள்ளே பழுப்பேறியிருந்தால், அதை இந்த மரத்தின் வேலை என்றே நான் சந்தேகிப்பேன்.

பற்றைச்செடிகளில் அசேலியா, ரோடோடென்ட்ரான் இரண்டையும் அவர் தவிர்க்கவேண்டும். மரத்தடி நிழலுக்கு அந்த நாட்டுக்கே உரிய வைபர்னம் வகைகளையும் விட்ச் ஹேசலையும் முதலில் சொல்வேன். வெயில் விழும் ஓரத்துக்கு நம் செவ்வரத்தையின் இனமான ரோஸ் ஒஃப் ஷரோன் பொருந்தும். பழமும் வேண்டுமென்றால் கறுப்பு ராஸ்பெரி வைக்கலாம். பெரிய கன்றுக்குப் பெரிய குழி வெட்டி மரத்தின் வேரைக் காயப்படுத்துவதைவிட, சிறிய கன்றுகளை வேர்களுக்கு இடையே நட்டு, முதல் இரண்டு கோடைக்கும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுவதே நல்லது. விழுந்த காய்களை, உரிக்கும்போது கையைக் கறுப்பாக்கும் அந்தத் தோல் அழுகுவதற்கு முன்பே பொறுக்கிவிட வேண்டும். அம்மரத்தின் பட்டைத் துண்டுகளை மூடாக்காகப் போடவே கூடாது. மரக்கறித் தோட்டத்தை வேர் எட்டாத தூரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வேர் கிளைப்பரப்புக்கு வெளியேயும் வெகுதூரம் ஓடும் என்பதால், 15 மீற்றருக்கு மேல் தள்ளி வைப்பது பாதுகாப்பு. மரத்தைத் தறித்தாலும் மண்ணில் கிடக்கும் வேர் உக்கி முடியும்வரை அந்தத் தொல்லை சில வருடங்கள் நீடிக்கும். அதற்காக ஒரு நல்ல மரத்தை இழக்க நான் சம்மதியேன்.

உங்கள் புளியில் ஜூக்லோன் கிடையாது. அங்கே முதலில் பார்க்கவேண்டியவை அடர்ந்த நிழலும், மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் வேர்களும்தான். தாழ்ந்த கிளைகள் சிலவற்றைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். ஆடாதோடையையும் நொச்சியையும் கிளைப்பரப்பின் ஓரமாக ஐப்பசி மழையோடு நட்டால், மாரி முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். முதல் வருடம் பங்குனி, சித்திரை வெயிலுக்கு மட்டும் தண்ணீர் கொடுங்கள்.