புட்டியை மறுக்கும் குழந்தைக்கு அம்மா இல்லாதபோது எப்படிப் பால் கொடுப்பது?

நாலு மாசக் குழந்தை புட்டியை வைத்தாலே அழுகிறது, வேலைக்குப் போகணும் என்கிறீர்கள். புட்டி எதற்கு? மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடை இருக்கிறதே! புட்டியின் ரப்பர் காம்பைவிட அதைச் சுத்தம் செய்வதும் சுலபம்.

பாட்டியோ அப்பாவோ குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். அதுவே உறிஞ்சிக் குடிக்கும். படுக்கவைத்து ஊற்றினால் புரையேறும். கொஞ்சம் சிந்தும், போகட்டும். வீறிட்டு அழும்வரை காத்திருக்காமல், கையைச் சப்பும்போதே கொடுக்கணும்.

பீய்ச்சிய தாய்ப்பால் 25 டிகிரி வரை உள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம்ம ஊர் வெயிலுக்கு ஃபிரிட்ஜ்தான் சரி. கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் 4 நாள். அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து எடுங்கள். பகலில் குறைத்துக் குடித்துவிட்டு ராத்திரி ஈடுகட்டும் குழந்தைகள் நிறைய. சிறுநீர் குறைந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.