பிரவுனி எங்கே? – கடிதம்

அன்புள்ள சார்,

துரைப்பாக்கத்தில் ஐ.டி. வேலை. சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விலங்குகள் காப்பகத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன். நாய்களைக் குளிப்பாட்டலாம், வாக்கிங் கூட்டிப் போகலாம் என்று ஆசையாகப் போனேன். கூண்டு கழுவுகிற வேலைதான் கிடைக்கிறது. பார்வோ என்கிற தொற்றுநோய் வந்த குட்டிகள் கண்ணெதிரே செத்துப் போகின்றன. அழுதுகொண்டே வீடு திரும்புகிறேன். "மனுஷங்களுக்குச் செய்யாம நாய்க்குச் செய்யறாளாம்" என்று அம்மா திட்டுகிறார். எங்கள் தெருவில் இருந்த பிரவுனியைக்கூட, வண்டியில் அடிபட்டுவிடக் கூடாதே என்று போன மாதம் நானே அங்கே கொண்டுபோய் விட்டேன். நான் தொடர்ந்து போகலாமா, நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் வேண்டாம் என்றீர்கள், எடுத்துவிட்டேன்.

அம்மா சொல்வதற்கெல்லாம் பதில் தேடாதீர்கள். அம்மாக்கள் சொல்வார்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதில் ஒன்றும் கெட்டுப் போகாது. ஆனால் கூண்டு கழுவுவதை மட்டமாக நினைக்காதீர்கள். பார்வோ கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஃபினாயிலுக்கு அது மசியாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். நீங்கள் ஒரு மூலையை ஒழுங்காகத் தேய்த்தால் நாளைக்கு அங்கே வரும் குட்டி பிழைக்கலாம். வாக்கிங் கூட்டிப் போக ஞாயிற்றுக்கிழமை நிறையப் பேர் வருவார்கள், துடைப்பம் எடுக்கத்தான் ஆள் கிடைக்காது.

சரி, அது இருக்கட்டும். போகிற போக்கில் பிரவுனியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

பிரவுனிக்கு அடிபட்டிருந்ததா? சொறியா? காய்ச்சலா? எதுவும் எழுதவில்லை. நன்றாக இருந்த நாய். எந்தக் கடை வாசலில் எத்தனை மணிக்கு நின்றால் பிஸ்கட் விழும், எந்த வீட்டுப் பையன் கல்லெறிவான் என்று தெரிந்துவைத்திருந்த நாய். அதைத் தூக்கிக்கொண்டு போய், முன்பின் தெரியாத நாய்களோடு அடைத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்கிறீர்கள். தாயே, காப்பகம் என்ன பேங்க் லாக்கரா? அடிபட்டதும் நோயில் விழுந்ததும் வந்து சேரும் இடம் அது. உங்கள் கண்ணெதிரே குட்டிகள் பார்வோவில் சாகிற அதே வளாகத்தில்தானே பிரவுனியும் இருக்கிறது? புதிதாக வந்த நாய் முதல் நாள் என்ன செய்யும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாலை வயிற்றோடு சுருட்டிக்கொண்டு நிற்கும். சோற்றுத் தட்டு பக்கத்திலேயே இருக்கும், தொடாது. பழைய நாய் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டு உறுமினால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும்.

நான் வளர்ந்தது புரசைவாக்கத்தில். எழுபதுகளில் கார்ப்பரேஷன் நாய் வண்டி வரும். கம்பி நுனியில் சுருக்கு மாட்டிய ஆட்கள் முன்னால் நடந்து வருவார்கள். பிடித்துப்போன நாய்களை மின்சாரம் வைத்துக் கொன்றார்கள். வண்டி முனையில் திரும்பியதுமே பாட்டி கறுப்பியைக் கழுத்தோடு இழுத்து வந்து விறகறையில் தள்ளி, கதவுக்கு முறத்தை முட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "எங்க வீட்டு நாய்ப்பா, குட்டியிலேர்ந்து வளர்க்கிறோம்" என்று கூசாமல் புளுகுவாள். கறுப்பி யார் வீட்டு நாயும் இல்லை. மீன்காரம்மா தலை போடுவார், எதிர்வீட்டில் இட்லி, எங்கள் வீட்டில் பழைய சோறு. பாட்டி அதைத் தொட்டுக் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை, வீட்டுக்குள் காலை வைத்தால் விளக்குமாறுதான். ஆனால் கறுப்பி தெருவை விட்டுப் போகக் கூடாது.

வருஷக்கணக்கில் அப்படிப் பிடித்துக் கொன்றும் சென்னையில் நாய் குறைந்ததா? காரணம் சாதாரணமானது. குப்பைத் தொட்டியும் கறிக்கடைக் கழிவும் இருக்கிற தெருவில் ஒரு நாயை எடுத்தால் இன்னொன்று வந்து உட்காரும். அது கருத்தடை ஆகாததாக, வெறிநோய் ஊசி போடாததாக இருக்கும். வந்த கையோடு குட்டி போடும். 1959-ல் தொடங்கிய விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ், 1964 முதல் கருத்தடைதான் வழி என்று சொல்லிவந்தது. சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்தி அந்த வழிக்கு வந்தது 1996-ல். 2001-ல் நாடு முழுவதற்கும் விதி வந்தது, 2023-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: அறுவை முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நீங்கள் செய்தது அதற்கு நேர் எதிர். பிரவுனி படுத்திருந்த இடத்தில் இப்போது எந்த நாய் படுத்திருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் அந்த உத்தரவை மாற்றியது. ஊசி போட்டு, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விடச் சொன்னது; வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு வேறு உத்தரவு வந்தது. அன்றிலிருந்து என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாட்ஸ்ஆப்பில் அடித்துக்கொள்கிறார்கள். கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் ஜீவகாருண்யம் பேச எனக்கு வாய் வராது. வெறிநோய் முற்றினால் பிழைப்பே கிடையாது. அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன். ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊசி போட்ட நாயைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் அந்த 70 எப்போது வரும்?

பிரவுனியின் காதைப் பாருங்கள். நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்துவிட்டது. இல்லையென்றால் அங்கேயே செய்துவிட்டு, வெறிநோய் ஊசியும் போட்டு, காயம் ஆறியதும் ஆட்டோவில் ஏற்றித் தெருவுக்குக் கூட்டி வாருங்கள். தெருவில் மற்ற நாய்களுக்கு 1913-ஐக் கூப்பிடுங்கள், மாநகராட்சி எண்தான். வரும்வரை விடாமல் கூப்பிட வேண்டும். வண்டி வந்தால் கூடவே நில்லுங்கள், எந்த நாய் எந்த வீட்டு வாசலில் படுக்கும் என்று சொல்ல ஆள் வேண்டும். திரும்ப விடும்போதும் நில்லுங்கள்.

காப்பகத்துக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டீர்கள். போங்கள், ஏன் நிறுத்த வேண்டும்? ஆனால் முன்கூட்டிப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று ஊசி: முதல் நாள், 7-ஆம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள். போட்டிருந்தாலும், கடியோ கீறலோ பட்டால் 15 நிமிஷம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், மூன்றும் முடியும்வரை கூண்டுப் பக்கம் போக வேண்டாம்.