சாபம் யார்மேல் விழுந்தது?

அன்பின் ஐயா,

லெந்து நாட்களில் இனவெறியின் வரலாற்றைச் சொல்லும் சில நூல்களைப் படித்தேன். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் வரும் நோவாவின் சாபத்தைக் காட்டி ஆபிரிக்கரை அடிமைகளாக வைத்திருந்திருக்கிறார்கள். ஆலயத்தில் வேதத்தைக் கையில் எடுக்கவே கூசுகிறது. கால்டுவெல் ஐயரும் மனிதரை இனமாகப் பிரித்தவர்தானே என்கிறார் நண்பர். பிழை வேதத்திலா, வாசித்தவர்களிடமா?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்பின் சகோதரருக்கு,

வாசித்தவர்களிடம்தான். 9ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில் தொடங்கி 10ஆம் அதிகாரத்தையும் முடித்துவிட்டு நிறுத்துங்கள். சபிப்பவர் தேவன் அல்ல, குடிவெறி தெளிந்து எழும்பிய நோவா. தகப்பனின் நிர்வாணத்தைக் கண்டவன் காம். அடிமையாயிருப்பான் என்ற சாபமோ அவன் மகன் கானான்மேல். காமுக்கு நான்கு பிள்ளைகள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். எகிப்துக்குத் தெற்கே வாழ்ந்த கறுப்பின மக்களை வேதம் சேர்ப்பது கூஷோடு. கூஷ்மேல் சாபமே இல்லை. கானானியரின் எல்லையும் எழுதப்பட்டிருக்கிறது: சீதோன் முதல் காசா வரை. தோலின் நிறம் ஓரிடத்திலும் இல்லை. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு இந்த வம்ச அட்டவணை இடைஞ்சல். ஆகவே அதை விட்டுவிட்டுக் காமின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

தென்னாபிரிக்காவில் நிறவெறியை ஆதரித்த டச்சு சீர்திருத்த சபையினர் அப்போஸ்தலர் 17:26ஐ எடுத்தார்கள். எல்லா ஜனங்களும் ஒரே இரத்தம் என்பது வசனத்தின் முதற்பாதி. குடியிருப்பின் எல்லைகளைக் குறித்தார் என்பது பிற்பாதி. எல்லையைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தை விட்டுவிட்டார்கள். (கொழும்பில் நம் வுல்பெண்டால் தேவாலயமும் அதே டச்சு மரபில் வந்ததுதான், ஆகவே இது தூரத்துக் கதை அல்ல.) 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்த சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறியை இறையியலால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று அறிவித்தது. உங்கள் கூச்சத்துக்குச் சபையே கொடுத்த பதில் அது. மிகவும் தாமதமாக வந்த பதில் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கால்டுவெல் விஷயத்தில் நண்பர் பாதி சரி. 1856இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வினைவிகுதி, வேர்ச்சொல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று காட்டியது. அது இன்றும் நிற்கிறது. அவற்றைப் பின்னிய, துருக்கிய, மங்கோலிய மொழிகளைச் சேர்த்து அவர் சித்திய மொழிகள் என்று அழைத்தவற்றோடு உறவாக்கியது நிற்கவில்லை. உடல்தோற்றம், சாதி பற்றி அவர் எழுதியவை பின்னிணைப்பில் இருக்கின்றன. 1913இன் மூன்றாம் பதிப்பில் பல பகுதிகளை நீக்கிவிட்டார்கள். எனவே 1875இன் இரண்டாம் பதிப்பைத் தேடி எடுத்து, இலக்கண அதிகாரங்களையும் பின்னிணைப்பையும் தனித்தனியே எடைபோடுங்கள்.

சிங்களம் இந்தோ ஆரிய மொழி, தமிழ் திராவிட மொழி. இதில் தகராறு இல்லை. அங்கிருந்து சிங்களவர் ஆரிய இரத்தம், தமிழர் திராவிட இரத்தம் என்று தாவியதுதான் இந்த நாட்டைக் கெடுத்தது. மொழிக் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதிய மாக்ஸ் முல்லரே 1888இல் ஆரிய இரத்தம் என்ற பேச்சைக் கண்டித்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் தமிழ் பேசிய எத்தனையோ கத்தோலிக்கக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்களத்தில் செபம் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் மொழி மாறியது, பூசையின் மொழி மாறியது, குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதும் இனமும் மாறியது. ஆரிய இரத்தம் பேசுகிறவர்கள் அந்தக் குடும்பங்களை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள்.