கேளுங்க சொல்றோம்: குடுத்த காசு எங்க போச்சு?

வாசகர், ஈரோடு: ஆப்கானிஸ்தானுக்கு அமெரிக்கா கோடி கோடியா அள்ளிக் குடுத்துச்சு. கடைசியில அந்த ஜனங்க சண்டையே போடாம தாலிபானை உள்ள விட்டுட்டாங்க. நன்றியே கிடையாதா?

நன்றி கெட்டவங்கன்னு சொல்றது ஈஸி சார், முதல்ல அந்தக் காசு அவங்க கைக்கு வந்துச்சான்னு பாக்கணும்ல. 20 வருஷத்துல மறுசீரமைப்புன்னு அமெரிக்கா ஒதுக்கினது சுமார் 14,500 கோடி டாலர், அதுல பாதிக்கு மேல ராணுவத்துக்கும் போலீசுக்கும் தான். அது போக, அமெரிக்க ராணுவம் தனியா செலவழிச்ச காசு போன ரூட்டையும் கேளுங்க. அமெரிக்க முகாம்களுக்கு சாமான் ஏத்திட்டுப் போற லாரிக்கு 200 கோடி டாலருக்கு மேல ஒரு கான்ட்ராக்ட். ரோட்டுல பாதுகாப்பை லாரிக்காரனே பாத்துக்கணும்னு விட்டுட்டாங்க, அவன் என்ன பண்ணுவான், வழியில துப்பாக்கி வச்சிருக்கற ஒவ்வொரு தாதாவுக்கும் மாமூல் குடுத்துட்டே போனான். அந்த மாமூல்ல ஒரு பங்கு தாலிபான் கைக்கே போயிருக்கலாம்னு 2010ல அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவே ரிப்போர்ட் போட்டுச்சு. யாரோட சண்டை போடப் போனாங்களோ அவனுக்கே கப்பம்!

அதே வருஷம் காபூல் பேங்க் கதை. வாத்தியார் சம்பளம், போலீஸ் சம்பளம் பெரும்பாலும் அந்த பேங்க் வழியா தான் பட்டுவாடா. பங்குதாரர்ல அதிபர் கர்சாயோட சகோதரர் ஒருத்தர், துணை அதிபரோட சகோதரர் ஒருத்தர். இல்லாத கம்பெனி பேர்ல எல்லாம் லோன், துபாய்ல பனைமரத் தீவு இருக்கே, அங்க பங்களா. விஷயம் வெளிய வந்ததும் செப்டம்பர்ல ஜனங்க பேங்க் வாசல்ல போய் நின்னாங்க, கடைசியில ஓட்டை 90 கோடி டாலருக்கு மேல.

ராணுவத்துல பேரு இருக்கும், சம்பளம் போகும், ஆளே இருக்க மாட்டான். இதெல்லாம் அங்க ரகசியம் இல்ல, செக்போஸ்ட்ல தினம் லஞ்சம் குடுக்கற விவசாயிக்குத் தெரியாதா? நிலத்தகராறுன்னு கோர்ட்டுக்குப் போனா காசு, தாலிபான் முல்லாகிட்ட போனா காசில்லாம ரெண்டே நாள்ல தீர்ப்பு, அது கொடுமையான தீர்ப்பா இருந்தாலும் சரின்னு போனவங்க நிறைய. அரசாங்கத்து மேல பாசம் வரட்டும்னு கொட்டின காசு வெறுப்பை வளத்துச்சு. 2019ல ஆசியா ஃபவுண்டேஷன் சர்வே எடுத்தப்ப, நாட்டுல ஊழல் பெரிய பிரச்சனைன்னு அஞ்சு பேர்ல நாலு பேர் சொன்னாங்க. 2021 ஆகஸ்ட் 6ல முதல் மாகாணத் தலைநகரம் விழுந்துச்சு, 15ஆம் தேதி காபூல். அந்த அரசாங்கத்துக்காக எவன் சார் உயிரை விடுவான்? (முதல்ல விழுந்தது ஜரஞ்ச். நம்ம எல்லைச் சாலை அமைப்பு போட்டுக் குடுத்த 218 கிலோமீட்டர் ரோடு போய் முடியுதே, அதே ஊரு.)

வாசகி, கோவை: அப்போ தப்பு அந்த ஊர்க்காரங்க மேல தானே? ஊழல் அவங்க ரத்தத்துலயே இருக்கு.

ரத்தத்துல ஒண்ணும் இல்லம்மா. சண்டை நடக்கற இடத்துல பணத்தை எவ்வளவு சீக்கிரம் செலவழிச்சோம்னு கணக்குக் காட்டுனா தான் அடுத்த வருஷம் பட்ஜெட் வரும், போய்ப் பாக்கலாம்னா குண்டு வெடிக்குது, அதிகாரி முகாம் மதிலைத் தாண்டி வெளிய வர முடியாது, பில்லு வந்தா கையெழுத்து போட்டுட்டு உக்காந்திருப்பான். எந்த ஊர்க்காரனா இருந்தாலும் இதுல கை நனையும். 54.9 கோடி டாலர் போட்டு ஆப்கான் விமானப்படைக்கு 20 பழைய இத்தாலி விமானம் சரி பண்ணிக் குடுத்தாங்க, அது சரியாவே பறக்கல, அதுல 16 விமானத்தை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டதுல கிடைச்சது சுமார் 40,000 டாலர். ஹெல்மண்ட் மாகாணத்துல அமெரிக்கப் படைக்குன்னு 3.6 கோடி டாலர்ல ஒரு பெரிய தலைமையகக் கட்டிடம், வேண்டாம்னு அங்க இருந்த தளபதியே சொல்லியும் கட்டினாங்க, ஒருத்தரும் குடி போகல. இந்த ரெண்டுலயும் முடிவெடுத்தது ஆப்கான்காரன் இல்ல.

வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுல இருக்கறவன் "நம்ம வரிப்பணத்தை அவனுங்க திருடிட்டானுங்க"ன்னு கோவப்படறான், ஆப்கான்காரன் "இவனுங்க தான் திருடனைக் கூட்டிட்டு வந்து நாற்காலியில உக்கார வச்சானுங்க"ன்னு கோவப்படறான். ரெண்டு பேரும் பாத்தது ஒரே திருட்டைத் தான். அமெரிக்க பட்ஜெட்ல கால் பங்கு வெளிநாட்டு உதவிக்குப் போகுதுன்னு அங்க கருத்துக்கணிப்புல ஜனங்க சொல்றாங்க, நிஜத்துல ஒரு சதவீதம் வாக்குல தான். இந்த நம்பிக்கை இருக்கற ஊர்ல ஊழல் கதை எடுபடாம இருக்குமா? 2025 ஜூலையில யுஎஸ்எய்டு, அதான் வெளிநாட்டு உதவி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பு, அந்தக் கடையையே மூடினப்ப முன்னாடி வச்ச காரணமும் ஊழல், வீண்செலவு தான். காபூல்ல எவனோ பங்களா வாங்கினதுக்கு ஆப்பிரிக்காவுல மருந்துக்கு நிக்கறவன் என்னங்க பண்ணுவான்?

வாசகர், மட்டக்களப்பு: சுனாமி நேரம் வெளிநாட்டுக் காசு எவ்வளவோ வந்தது எண்டு சொன்னவங்கள். பொதுக்கட்டமைப்பு நடந்திருந்தா எங்கட சனத்துக்குக் கிடைச்சிருக்குமோ?

அண்ணே, அலை வந்தது 2004 டிசம்பர் 26, பொதுக்கட்டமைப்புல (சுனாமி நிதியை அரசாங்கமும் புலிகளும் சேந்து நிர்வகிக்கற ஏற்பாடு) கையெழுத்து விழுந்தது 2005 ஜூன் 24. கூடாரத்துல இருந்த சனத்துக்கு அந்த ஆறு மாசம் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. கையெழுத்துக்கு முன்னாடியே கூட்டணிக் கட்சியான ஜே.வி.பி. அரசாங்கத்தை விட்டுப் போயிடுச்சு, ஜூலை நடுவுல உச்ச நீதிமன்றம் புலிகள் கையில இருந்த கிளிநொச்சியில ஆபீஸ் வைக்கறது உட்பட முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டுடுச்சு. தெற்குல "காசு புலிக்குப் போயிடும்"னு பயம், உங்க பக்கம் "கொழும்பு அமுக்கிடும்"னு பயம். ரெண்டாவது பயம் வடக்கு கிழக்குக்கு மட்டும் சொந்தம்னு நினைக்காதீங்க, அப்ப பிரதமரா இருந்த மகிந்த ராஜபக்ச மேல 'ஹெல்பிங் ஹம்பாந்தோட்டை' புகார் வந்ததே, 8.2 கோடி ரூபாய் சுனாமி நிதியைத் திருப்பி விட்டாங்கங்கற விஷயம், அந்த போலீஸ் விசாரணையை நிறுத்தினதும் அதே உச்ச நீதிமன்றம் தான். கட்டமைப்பு நடந்திருந்தா காசு முழுசா வந்திருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வராட்டி யாரைப் போய்க் கேக்கணும்னு உங்களுக்கு ஒரு கதவாவது இருந்திருக்கும்.

வாசகர், தஞ்சாவூர்: 2021ல ஆப்கானிஸ்தானுக்கு நாம 50,000 டன் கோதுமை அனுப்பறோம்னு சொன்னோமே, அது தாலிபானுக்கா?

ஐ.நா.வோட உலக உணவுத் திட்டத்துகிட்ட ஒப்படைச்சது. அட்டாரி வழியா பாகிஸ்தானைத் தாண்டி, ஆப்கான் லாரியில ஜலாலாபாத் போச்சு, 2022 பிப்ரவரியில முதல் தடவை 2,500 டன். அங்க இருந்து ஊருக்குள்ள போற ரோடு தாலிபான் கையில தான்.